இரவல் பேனாவும் ஒரு கொய்யாப்பழமும்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு வயது 63. ஓய்வுபெற்ற ஆசிரியர், பழனியில் இருக்கிறேன். ஓய்வூதியம் எடுக்க மாதத்தின் முதல் வாரத்தில் வங்கிக்குப் போவேன். முதியோர் உதவித்தொகை வாங்க வருபவர்கள் பணம் எடுக்கும் சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, யாரிடம் நீட்டுவது என்று விழிப்பார்கள். நானே வாங்கி நிரப்பிக் கொடுக்கத் தொடங்கி மூன்று ஆண்டுகள் ஆகின்றன. என் வேலை பத்து நிமிடத்தில் முடிந்தாலும் மதியம் வரை உட்கார்ந்துவிடுகிறேன். அதற்கென்று முதல் நாளே சட்டையை இஸ்திரி போட்டு வைப்பேன். கூடுதலாக இரண்டு பேனா கொண்டுபோவேன். ஒன்றாவது திரும்பி வராது. "சம்பளமில்லாத குமாஸ்தா" என்று மனைவி கேலி செய்கிறாள்.

அதெல்லாம் போகட்டும். ஆயக்குடியிலிருந்து வரும் ஓர் அம்மாவுக்கு மாதந்தவறாமல் நான்தான் எழுதிக் கொடுக்கிறேன், அவர் கைநாட்டு. போன வாரம் சந்தையில் அவரைப் பார்த்துச் சிரித்து நலம் விசாரித்தேன். பக்கத்தில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். ஒருமுறை அவர் கொய்யாப்பழம் நீட்டியபோது எதுவும் வேண்டாம் என்று மறுத்தவன் நான். அப்படிப்பட்டவனுக்கு இப்போது ஏன் இவ்வளவு வலிக்கிறது? நன்றிக்காகத்தான் செய்தேனா? அடுத்த மாதம் போகவே மனமில்லை.

– பெயர் வேண்டாம், பழனி

ஆலோசகர் பதில்:

ஐயா, மழை கைம்மாறு கேட்கிறதா என்று உங்களிடம் கேட்கமாட்டேன். சிரித்த முகத்தைப் பார்த்து ஒருவர் திரும்பிக்கொண்டால் வலிக்கத்தான் செய்யும். ஒரு தலையசைப்பை எதிர்பார்ப்பது பேராசையும் இல்லை. அதற்காக மூன்று ஆண்டுகளையும் பொய் என்று தீர்ப்பு எழுதிவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் நான் இரண்டு முறை படித்தது அந்தச் சட்டையைப் பற்றிய வரியை. பள்ளிக்கூடம் விட்டு வந்தபின் உங்களுக்காகச் சிலர் காத்திருக்கும் நாள் அது. கூலி அன்றே, கையோடு கிடைத்திருக்கிறது. 2008இல் வெளியான ஓர் ஆய்வில், கனடாவின் உளவியலாளர் எலிசபெத் டன்னும் குழுவினரும் காலையில் சிலருக்கு 5 அல்லது 20 டாலர் கொடுத்தார்கள். ஒரு பிரிவினர் மாலைக்குள் அதைத் தங்களுக்கே செலவிட வேண்டும், மற்றவர்கள் பிறருக்காக. மாலையில் அதிக மகிழ்ச்சியோடு இருந்தவர்கள் பிறருக்குச் செலவிட்டவர்கள். தொகை ஐந்தா இருபதா என்பது பொருட்டாகவே இல்லை. உங்கள் பேனாக் கணக்கும் இதில் சேர்த்தி.

இனி அந்த அம்மா. பார்வை மங்கி அடையாளம் தெரியாமல் போயிருக்கலாம். எனக்கு வேறொரு சந்தேகமும் உண்டு. கைநாட்டு வைப்பதை அவர் அக்கம்பக்கத்தாரிடம் சொல்லாமல் இருக்கலாம். நீங்கள் நலம் விசாரித்துவிட்டு நகர்ந்ததும், "யார் இந்த சார்?" என்று அந்தப் பெண்கள் கேட்டிருப்பார்களே. அவர் என்ன பதில் சொல்லுவார்?

அதோடு அந்தக் கொய்யா. இத்தனை சீட்டுகளுக்கு ஈடாக அவர் கொடுக்க முயன்றது அந்த ஒரு பழம். நீங்கள் பெருந்தன்மையாக மறுத்தீர்கள். அவர் கடனாளியாகவே நின்றுவிட்டார். (ஆசிரியர்களுக்கு இது தொழில் பழக்கம். என் அப்பாவும் ஆசிரியர்தான்.)

அடுத்த மாதமும் போங்கள். சந்தையில் நடந்த பேச்சை எடுக்க வேண்டாம். கையெழுத்துப் போடக் கற்றுத் தருகிறேன் என்றும் ஆரம்பித்துவிடாதீர்கள். அவராகக் கேட்டால் பார்க்கலாம். சீட்டை எழுதி முடித்தபின், இந்த வருடம் ஆயக்குடியில் கொய்யா காய்ப்பு எப்படி என்று மட்டும் கேளுங்கள். அவர் பையைத் துழாவினால் வாங்கிக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கொண்டுபோகாமல் அங்கேயே, அவர் பார்க்கக் கடித்துத் தின்னுங்கள்.