கழிக்கச் சொல்கிறார்கள், விடை ஏன் கூடுகிறது?

கேள்வி: பதினோராம் வகுப்பு படிக்கிறேன். மழை வினாடிக்கு 8 மீட்டர் வேகத்தில் செங்குத்தாகப் பெய்கிறது. ஒருவர் கிழக்கு நோக்கி வினாடிக்கு 6 மீட்டர் வேகத்தில் சைக்கிள் ஓட்டுகிறார். சார்புத் திசைவேகம் (ஓட்டுபவரின் பார்வையில் மழை வரும் வேகமும் திசையும்) காணக் கழிக்க வேண்டும் என்றால், விடை 2 வராமல் 10 வருவது ஏன்? குடையை எந்தப் பக்கம் சாய்ப்பது?

பதில்: நீங்கள் கழித்தது எண்களை. கழிக்க வேண்டியது வெக்டர்களை, அதாவது அளவோடு திசையும் உள்ளவற்றை. ஒரு வெக்டரைக் கழிப்பதென்றால் அதைத் தலைகீழாகத் திருப்பிக் கூட்டுவதுதான். எனவே சூத்திரத்தைத் தேடுமுன் படம் வரையுங்கள்.

மழைக்குக் கீழ்நோக்கி 8 அலகு நீள அம்பு. பார்ப்பவர் சைக்கிள்காரர், அவருடைய அம்பு கிழக்கே 6. அதைத் திருப்பினால் மேற்கே 6. மழை அம்பின் முனையிலிருந்து இதை வரைந்து, தொடக்கத்தையும் முடிவையும் இணையுங்கள். செங்கோண முக்கோணம் கிடைக்கும்: 64 + 36 = 100, அதன் வர்க்கமூலம் 10. அந்தப் பத்து மேற்கு நோக்கிக் கீழே சாய்ந்து வருகிறது. அதாவது, கிழக்கே போகிறவரின் முகத்தில் அடிக்கிறது. ஆகவே குடை முன்பக்கம் சாய வேண்டும்.

எவ்வளவு சாய்வு? மாணவர்கள் அதிகம் மதிப்பெண் இழப்பது இங்கேதான். கோணத்தைச் செங்குத்திலிருந்து அளந்தால் டேன் மதிப்பு (எதிர்ப்பக்கம் ÷ அடுத்துள்ள பக்கம்) 6/8, கோணம் ஏறக்குறைய 37°. தரையிலிருந்து அளந்தால் 8/6, கோணம் 53°. இரண்டுமே சரி, எதிலிருந்து அளந்தீர்கள் என்பதை எழுதாவிட்டால்தான் தவறு.

இப்போது பின்னாலிருந்து காற்று வீசி, மழைக்கும் கிழக்கே 2 மீட்டர் வேகம் கிடைத்துவிட்டது என்று வையுங்கள். கிடைத்திசையில் எஞ்சுவது மேற்கே 4. சாய்வு சுமார் 27° ஆகக் குறையும். அந்த வேகம் 6 ஆனால் குடையை நேராகவே பிடிக்கலாம். இதையும் வரைந்து பாருங்கள், திசையைத் திருப்புவது கைக்குப் பழகிவிடும்.

இந்த முக்கோணம் தேர்வுக்கு மட்டுமானதல்ல. 1720-களில் ஆங்கிலேய வானியலாளர் ஜேம்ஸ் பிராட்லி விண்மீன்களின் சிறு தோற்ற இடப்பெயர்ச்சியை இதைக் கொண்டே விளக்கினார். மழைக்குப் பதில் வினாடிக்கு 3,00,000 கிலோமீட்டர் செல்லும் ஒளி; சைக்கிளுக்குப் பதில் வினாடிக்குச் சுமார் 30 கிலோமீட்டர் ஓடும் பூமி. டேன் மதிப்பு பத்தாயிரத்தில் ஒன்று. அவ்வளவு சிறிய கோணத்துக்கும் தொலைநோக்கியைப் பூமி ஓடும் பக்கமாகச் சாய்த்தே ஆக வேண்டும்.