கைமாற்றாகக் கொடுத்த பணத்துக்கு வழக்குப் போடலாமா?

வங்கி வழியாக நண்பருக்குக் கடன் கொடுத்தீர்கள், பத்திரம் எதுவும் எழுதவில்லை, இப்போது அவர் ஃபோனையே எடுப்பதில்லை என்கிறீர்கள். தாராளமாக வழக்குப் போடலாம். ஆனால் முதலில் வழக்குப் போடுவதற்கான காலவரம்பைப் பாருங்கள். அது தாண்டிவிட்டால் எவ்வளவு நியாயமான வழக்கும் நிற்பது கடினம்.

"அடுத்த மாதம் தந்துவிடுகிறேன்" என்று அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திதான் உங்கள் பெரிய பலம். ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பாதீர்கள், அந்தச் செய்தி வந்த உங்கள் ஃபோனையே பத்திரப்படுத்துங்கள். அப்புறம் வக்கீல் நோட்டீஸ். பலர் அதிலேயே பேச்சுக்கு வந்துவிடுவார்கள். மசியாவிட்டால் வழக்கு மனு, கோர்ட் கட்டணம், சம்மன், அவருடைய பதிலுரை, சாட்சி விசாரணை. வாய்தா வாய்தாவாக இழுக்கும், சொல்லிவிட்டேன்.

தீர்ப்பு வந்தாலும் பணம் தானாகக் கைக்கு வராது. அதை வசூலிக்கத் தனியாக நிறைவேற்று மனு போட வேண்டியிருக்கும். அதனால் அவர் பெயரில் சொத்தோ சம்பளமோ இருக்கிறதா என்று இப்போதே விசாரித்துவிடுங்கள்.