லத்தீனில் அழ முடியுமா?

வணக்கம். மறுமலர்ச்சிக் கால மானுடவாத அறிஞர்கள், அதாவது பழைய கிரேக்க, லத்தீன் நூல்களில் ஊறியவர்கள், லத்தீனில் எழுதிய இரங்கற்பாக்களையும் கடிதங்களையும் மொழிபெயர்ப்பில் படித்தேன். போரில் பிள்ளைகள் செத்துக்கொண்டிருக்கும்போது இவர்கள் போர்த் தெய்வம் மார்ஸ், கலைத் தெய்வங்கள் மியூஸ்கள் என்று பழைய தெய்வங்களைக் கூப்பிடுகிறார்கள். பள்ளிக்கூடப் பயிற்சி போலிருக்கிறது. துக்கம் எங்கே?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

பெரும்பகுதி பயிற்சிதான். அதையெல்லாம் நானும் புரட்டிவிட்டுப் போய்விடுவேன். ஆனால் அந்த மானுடவாத அறிஞர்களில் ஒருவரான எராஸ்மஸ் தன் மாணவன் அலெக்சாண்டர் ஸ்டூவர்ட்டுக்காக எழுதியதைப் படித்துப் பாருங்கள். அது உரைநடை.

அலெக்சாண்டர் ஸ்காட்லாந்து மன்னர் நான்காம் ஜேம்ஸின் மகன், மண உறவுக்கு வெளியே பிறந்தவன். சிறு வயதிலேயே செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராயர் பதவி வந்துவிட்டது. இத்தாலியில் சியனா நகரில் எராஸ்மஸிடம் பாடம் கேட்டான். கடுமையான கிட்டப்பார்வை, புத்தகத்தை மூக்கு நுனிக்குக் கொண்டுபோனால்தான் எழுத்து தெரியும். 1513 செப்டம்பர் 9 அன்று, ஜேம்ஸ் இங்கிலாந்துக்குள் படையோடு போய் நடத்திய பிளாடன் போரில் அப்பாவும் மகனும் ஒரே நாளில் மாண்டார்கள். மகனுக்கு இருபது வயதுதான் இருக்கும். அந்தக் கண்களோடு ஒரு பையனைக் களத்தில் நிறுத்தியதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவே இல்லை.

எராஸ்மஸ் அப்போது இருந்தது கேம்பிரிட்ஜில். மாணவனைக் கொன்றது இங்கிலாந்துப் படை. அவருக்குப் படியளந்தவர்களும் அந்த நாட்டுக்காரர்கள்தான். இரங்கலை அவர் தனியாக வெளியிடவில்லை. 1515இல் பாசல் நகரில் அச்சான, தன் பழமொழித் தொகுப்பான ‘அடாகியா’வின் பதிப்பில், ‘உனக்கு வாய்த்தது ஸ்பார்ட்டா, அதைச் சீர்ப்படுத்து’ என்ற பழமொழிக்கான விளக்கத்துக்குள் வைத்தார். சொந்த நாட்டைக் கவனிக்காமல் அடுத்தவர் எல்லைக்குள் படையோடு போகும் அரசர்களைக் கண்டிக்கும் கட்டுரை அது. ஜேம்ஸ் செய்ததும் அதுதானே.

அப்புறம், நீங்கள் சொல்லும் மார்ஸ். மியூஸ்களுக்கு, ஏன், கிறிஸ்துவுக்கே நேர்ந்துவிடப்பட்ட உனக்கு, தெய்வங்களிலேயே படுமுட்டாளான மார்ஸோடு என்ன வேலை என்று செத்தவனையே கேட்கிறார். உன் இளமைக்கும் மென்மையான சுபாவத்துக்கும் பீரங்கியோடும் வாளோடும் என்ன சம்பந்தம் என்கிறார். பெற்ற வயிறு திட்டி அழுவதைப் போன்ற கேள்விகள் இவை. ஆங்கில அரசனின் தயவில் இருந்தவர் யாரைத் திட்ட முடியும்? மார்ஸைத் திட்டலாம். பழைய தெய்வம் அங்கே அவருக்கு உதவுகிறது என்றே நான் வாசிக்கிறேன்.

இத்தாலியில் அலெக்சாண்டர் அவருக்கு ஒரு மோதிரம் கொடுத்திருந்தான். அதன் கல்லில் இருந்த உருவத்தை எல்லைத் தெய்வமான டெர்மினஸ் என்று கொண்டார். ‘எவருக்கும் விட்டுக்கொடேன்’ என்ற வாசகத்தோடு அதையே தன் முத்திரையாக்கிக்கொண்டார். என்ன ஆணவம் என்று சிலர் பழித்தபோது, அது மரணத்தின் பேச்சு என்று 1528இல் ஒரு கடிதத்தில் விளக்கினார்.

உங்கள் தொகுப்பில் இந்தப் பழமொழிக் கட்டுரை இல்லையென்றால் ‘அடாகியா’வில் தேடிப் படியுங்கள். செய்யுள்களுக்கு அப்புறம் வரலாம்.