அவர் தூங்கும்போது படகு யார் கையில்?

கேள்வி: கணவரும் நானும் வேலையை விட்டுவிட்டு, 36 அடிப் பாய்மரப் படகில் நவம்பரில் சான் டியாகோவிலிருந்து கிளம்பினோம். மெக்சிகோ கரையோரமாக இறங்கி வந்து இப்போது லா பாஸில் நிற்கிறோம். இந்த வாழ்க்கை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆனால் மார்ச்சில் பசிபிக்கைக் கடந்து மார்க்கேசஸ் தீவுகளுக்குப் போவதுதான் அவர் திட்டம். நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. சேமிப்பையெல்லாம் இந்தப் படகில் போட்டிருக்கிறோம். இப்போது போய் 'எனக்கு வேண்டாம்' என்று எப்படிச் சொல்வது? ஒன்றும் சொல்லாமல் கூடவே போய்விடட்டுமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, லா பாஸ், மெக்சிகோ

பதில்:

அன்புள்ள தோழி,

சொல்லாமல் மட்டும் போகாதீர்கள். மற்ற எதைப் பற்றியும் யோசித்து முடிவெடுக்கலாம், இது மட்டும் வேண்டாம். பயத்தை விழுங்கிக்கொண்டு ஏறிய ஒருவரும், அது தெரியாத இன்னொருவரும் மூன்று வாரத்துக்கு மேல் 36 அடிக்குள் இருப்பது இருவருக்குமே ஆபத்து.

நீங்கள் நிற்கிற அதே விரிகுடாவில் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு குளிர்காலம் நின்றிருக்கிறோம். காற்று ஒரு பக்கம், நீரோட்டம் ஒரு பக்கம் இழுக்க, நங்கூரம் போட்ட படகெல்லாம் ஆளுக்கொரு திசையில் சுற்றுமே, 'லா பாஸ் வால்ட்ஸ்' என்று அங்கே சொல்லிச் சிரிப்பார்கள். காலையில் படகு ரேடியோவின் 22ஆம் சேனலில் வானிலையிலிருந்து உதிரி பாகம் வரை எல்லாம் பேசுவார்கள். எஸ்பிரிட்டு சாண்டோ தீவின் வடமுனையில் கடல்சிங்கக் குட்டிகள் நம் துடுப்புச் செருப்பைக் கடித்து விளையாடும். அந்த வாழ்க்கை உங்களுக்குப் பிடித்துப்போனதில் ஆச்சரியமே இல்லை.

ஆனால் கரையோரம் நன்றாகப் போனதை வைத்துப் பெருங்கடலும் அப்படியே போகும் என்று உங்கள் கணவர் கணக்குப் போட்டால், அது தப்புக் கணக்கு. அங்கே குளிர்காலத்தில் வடக்கேயிருந்து கடும் காற்று வீசும். நம் மீனவர்கள் வாடை என்பார்களே, அந்தத் திசைதான். அது வரும் என்று தெரிந்தால் ஒரு தீவின் தெற்குப் பக்கம் போய் ஒதுங்கிவிடலாம். சாயங்காலம் நங்கூரம் போட்டால் இருவரும் தூங்கலாம். மெக்சிகோவின் மேற்குக் கரையில், கடக்கிறவர்கள் கிளம்புகிற பண்டேராஸ் விரிகுடாவிலிருந்து மார்க்கேசஸ் சுமார் 2,800 கடல் மைல். மணிக்கு 5 கடல் மைல் போனால்கூட 23 நாள். நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் காற்று செத்துக் கிடக்கும் பட்டையில் மாட்டிக்கொண்டால் இன்னும் சில நாள். இரவும் பகலும் படகு ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு வாரம் தாண்டிவிட்டால், பின்னாலிருந்து தள்ளும் காற்றை எதிர்த்துத் திரும்பி வருவதைவிட முன்னே போவதுதான் சுலபம். ஹெலிகாப்டர் அவ்வளவு தூரம் வராது. உதவி என்றால், அந்தப் பக்கம் போகிற ஏதாவது ஒரு சரக்குக் கப்பல்தான். ஆகவே உங்கள் பயம் வீண் பயம் இல்லை. அந்தப் பயத்துக்குள் சரியாக என்ன இருக்கிறது என்று மட்டும் பாருங்கள்.

எனக்கு அது ஒரு ராத்திரியில்தான் தெரிந்தது. பண்டேராஸ் விரிகுடாவுக்குத் தெற்கே காபோ கொரியென்டெஸ் என்று ஒரு முனை இருக்கிறது. அதைச் சுற்றிப் போகும்போது என் கணவருக்குக் காய்ச்சல். கீழே படுத்திருந்தார். பத்து மணிக்கு மேல் காற்று ஏறியது. பெரிய பாயைக் குறுக்க வேண்டும். ஐந்து மாதமாக அவர் அதைச் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நெற்றி விளக்கை மாட்டிக்கொண்டு பாய்மரத்தடிக்குப் போனேன். ஏழெட்டுக் கயிறுகள். எதை முதலில் தளர்த்துவது, எதை இழுப்பது, ஒன்றும் ஓடவில்லை. சிவப்பு இழை போட்ட ஒரு கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றேன். கடைசியில் அவரை எழுப்பினேன். போர்வையோடு வந்து உட்கார்ந்து அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, நான் செய்தேன். பாய் சின்னதானதும் சாய்ந்து கிடந்த படகு நிமிர்ந்தது. அவர் மறுபடி படுக்கப் போய்விட்டார். அலையைக் கண்டு நான் அவ்வளவாகப் பயப்படவில்லை, அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்தப் படகில் எனக்கு எதுவுமே தெரியாது என்றுதான் பயந்துகொண்டிருந்தேன் என்பது எனக்கு அப்போது விளங்கியது.

அந்த வருடம் நாங்கள் கடக்கவில்லை. புயல் காலத்துக்குப் படகைக் குவாய்மாஸ் பக்கம் கரையேற்றி வைத்துவிட்டு, அடுத்த ஏப்ரலில் கிளம்பினோம்.

இருவர் மட்டும் போகிற படகில் பாதி நேரம் நீங்கள் தனி ஆள். ஒருவர் தூங்கினால்தானே மற்றவர் விழித்திருக்க முடியும்? 2024 அக்டோபரில் கோவாவிலிருந்து தாரிணி என்ற பாய்மரப் படகில் நம் கடற்படை அதிகாரிகள் தில்னாவும் ரூபாவும் கிளம்பினார்களே, ரூபா புதுச்சேரிக்காரர். இரண்டே பேர், நான்கு துறைமுகங்களில் மட்டும் நின்று, உலகத்தைச் சுற்றி 2025 மே கடைசியில் திரும்பினார்கள். வருடக்கணக்கில் பயிற்சி எடுத்துவிட்டுத்தான் அவர்கள் அப்படிப் போனார்கள்.

உங்களுக்கு அவ்வளவு வேண்டாம், ஆனால் கொஞ்சம் வேண்டும். இரண்டு வாரத்துக்குப் படகு என் பொறுப்பு என்று அவரிடம் சொல்லுங்கள். நங்கூரம் போடும் இடத்தை நீங்கள் தேர்ந்தெடுங்கள், சுக்கானை நீங்கள் பிடியுங்கள், பாயை நீங்கள் குறுக்குங்கள், இன்ஜின் எண்ணெயை நீங்கள் பாருங்கள். ஆபத்து என்றால் தவிர அவர் வாயைத் திறக்கக் கூடாது. அவருக்கு இதுதான் கஷ்டமாக இருக்கும், விட்டுக்கொடுக்காதீர்கள். அப்புறம், காற்றில்லாத ஒரு காலை, நங்கூரத்தில் நிற்கும்போது அவரைத் தண்ணீரில் குதிக்கச் சொல்லி, அவர் கை கால் அசைக்காமல் இருக்க, நீங்கள் ஒருவராகவே மேலே ஏற்றிப் பாருங்கள். கையால் தூக்க முடியாது. பாயை ஏற்றுகிற கயிற்றை அவர் மார்புப் பட்டையில் மாட்டி, கயிறு இழுக்கும் உருளையான வின்ச்சில் சுற்றித் தூக்க வேண்டும். முதல் தடவை எனக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. திரும்பத் திரும்பச் செய்த பிறகுதான் எனக்கு ராத்திரியில் தூக்கம் வந்தது.

அது முடிந்ததும் லா பாஸிலிருந்து எங்கேயும் நிற்காமல் பண்டேராஸ் விரிகுடாவின் லா க்ரூஸுக்குப் போங்கள். மூன்று இரவு பிடிக்கும். இந்த மூன்றில்தான் விஷயம் இருக்கிறது. குமட்டலும் தூக்கக் கலக்கமும் முதல் இரண்டு நாள்தான் மோசமாக இருக்கும், மூன்றாம் நாள் பலருக்கும் உடம்பு பழகிவிடும். கரையோரமாகவே போகிறவர்கள் அந்த மூன்றாம் நாளைப் பார்ப்பதே இல்லை. அதனால் முழுப் பயணமும் முதல் நாள் மாதிரியே இருக்கும் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை காவல் மாற்றுங்கள். இருட்டியதும் மார்புப் பட்டையைப் படகோடு இணைக்கும் வாரை மாட்டாமல் யாரும் மேலே இருக்கக் கூடாது. பாய்மரத்தடிக்குப் போவதென்றால் மற்றவரை எழுப்பிவிட்டுத்தான் போக வேண்டும். அன்று நான் எழுப்பாமல் போனது பெரிய தப்பு.

சமையலைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். ஆட்டம் போடும் அடுப்பில் குக்கர் மாதிரி ஒரு பாத்திரம் கிடையாது, கவிழ்ந்தால்கூடச் சாம்பார் உள்ளேயே இருக்கும். முட்டையை மட்டும் குளிர்பெட்டியில் வைக்காத கடையில் வாங்கி, இரண்டு நாளுக்கு ஒரு தடவை திருப்பி வைத்துக்கொண்டே வாருங்கள். வாரக்கணக்கில் கெடாது.

இனி, அவரிடம் சொல்வது. 'எனக்கு வேண்டாம்' என்று ஆரம்பித்தால், உங்கள் கனவு வேண்டாம் என்று அவர் காதில் விழும். பேச்சு சண்டையில் போய் முடியும். காலையில் காபியோடு, ரேடியோ தொடங்குவதற்கு முன் உட்கார்ந்து, "நீங்கள் தூங்கும்போது இந்தப் படகை நான் பார்த்துக்கொள்ள முடியுமா என்று எனக்குத் தெரிய வேண்டும். தெரியாமல் வர மாட்டேன்" என்று சொல்லுங்கள். நல்ல மாலுமி யாரும் இதை மறுக்க மாட்டார். இந்த இரண்டு மூன்று வாரத்தைக்கூடத் தர மாட்டேன், மார்ச் என்றால் மார்ச்தான் என்று அவர் நின்றால், என் பதில் நேரானது: அந்தப் படகில் ஏறாதீர்கள். மார்ச் ஒன்றும் கல்லில் எழுதியது இல்லை. ஏப்ரலிலும் போகிறார்கள், மே தொடக்கத்தில்கூடப் போகிறார்கள். அதுவும் தாண்டினால் அடுத்த வருடம் இருக்கிறது.

எல்லாம் கற்றுக்கொண்ட பிறகும் உங்களுக்கு மனம் வரவில்லை என்றால்? அப்போதும் படகை விற்க வேண்டியதில்லை. கடப்பதற்காகப் படகுகள் லா க்ரூஸில் கூடும் மாதங்களில், கூட வர ஆள் கிடைப்பார்கள். அவர் அனுபவமுள்ள ஒருவரைக் கூட்டிக்கொண்டு கடக்கட்டும், நீங்கள் விமானத்தில் தஹிதி போய், அங்கிருந்து உள்ளூர் விமானத்தில் மார்க்கேசஸ் தீவுகளில் ஒன்றான நுக்கு ஹிவா போய் இறங்குங்கள். இப்படிச் செய்கிற ஜோடிகளை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தீவின் தைஓஹே விரிகுடாவின் கரையில் காத்திருந்து, படகு உள்ளே வரும்போது கையசைத்த மனைவிகளில் யாரையும் அங்கே ஒருவரும் குறைவாகப் பேசியதில்லை. அதற்கப்புறம் தீவு தீவாகப் போவது உங்களுக்குப் பிடித்த இந்தக் கரையோர வாழ்க்கை மாதிரிதான்.

விசாவை மட்டும் இந்த வாரமே கவனியுங்கள். தஹிதி, மார்க்கேசஸ் எல்லாம் சேர்ந்த பிரெஞ்சு பொலினீசியா, ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் ஷெங்கன் பகுதியில் சேராது. உங்களில் யாரிடமாவது இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால், என்ன விசா வேண்டும் என்று பிரெஞ்சுத் தூதரகத்தில் கேட்டுவிடுங்கள். படகில் போனாலும் விமானத்தில் போனாலும் அது இல்லாமல் முடியாது.