மியாட்டாவுக்கு ஆறு கியர் பெட்டி: முதலில் டிஃபரன்ஷியலைக் கணக்கிடுங்கள்

1990-ஆம் ஆண்டு மாஸ்டா மியாட்டா காரின் ஐந்து கியர் பெட்டியை எடுத்துவிட்டு, அடுத்த தலைமுறை மியாட்டாவின் ஆறு கியர் பெட்டியைப் பொருத்தினால் நெடுஞ்சாலையில் எஞ்சின் சுழற்சி குறையுமா என்று கேட்டிருக்கிறீர்கள். எஞ்சின் சக்தியைப் பின் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதியான டிஃபரன்ஷியலை மாற்றாவிட்டால் குறையாது. சற்றுக் கூடவே செய்யும். விகித எண் பெரிதானால் அதே வேகத்துக்கு எஞ்சின் அதிகம் சுழல வேண்டும்; பழைய பெட்டியின் ஐந்தாம் கியர் விகிதம் 0.814, புதியதன் ஆறாம் கியரோ 0.843. ஆகவே 4.3 விகித டிஃபரன்ஷியலுடன் நிமிடத்துக்கு 3,500 சுழற்சியில் ஓடிய அதே வேகத்துக்கு இனி ஏறத்தாழ 3,625 தேவைப்படும். முதல் கியரும் 3.136-இலிருந்து 3.76 ஆவதால், வண்டி நகர்ந்த உடனேயே கை இரண்டாம் கியரைத் தேடும்.

3.909 விகித டிஃபரன்ஷியலையும் சேர்த்துப் போட்டால் அந்தச் சுழற்சி சுமார் 3,300-க்கு இறங்கும். ஆனால் அது 1.8 லிட்டர் வண்டிகளின் பெரிய டிஃபரன்ஷியல் கூட்டில் வருவதால், பின் ஆக்சில் ஷாஃப்டுகளும், கியர் பெட்டியை டிஃபரன்ஷியலுடன் இணைக்கும் புரொப்பெல்லர் ஷாஃப்டும், ஸ்பீடாமீட்டரை இயக்கும் சிறிய பற்சக்கரமும் மாற வேண்டியிருக்கும். செலவின் பெரும்பங்கு இங்கேதான் போகும்.

கியர் மாற்றும்போது உள்ள தளர்ச்சிதான் உங்களை உறுத்துகிறதென்றால், முதலில் கியர் லீவரைக் கழற்றி அடியிலுள்ள ரப்பர் உறை கிழிந்திருக்கிறதா என்றும், லீவர் உட்காரும் குழியில் எண்ணெய் வற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். பெட்டியை மாற்றுவதைப் பிறகு யோசிக்கலாம்.