குடும்பத்துக்காக ஓடி ஓடிச் சம்பாதிப்பதை ஆன்மிகம் என்று சொல்லலாமா?

காலையில் கிளம்பினால் வீடு திரும்ப இரவு ஒன்பது ஆகிறது, கோயிலுக்கோ தியானத்துக்கோ நேரமில்லை, சம்பாதித்துப் போடுவதையே வழிபாடாக எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்படி ஒரு கேள்வி தானாக வராது. விரதமும் பூஜையுமாக இருக்கிற சொந்தக்காரர் யாரோ சுருக்கென்று ஏதோ சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் உண்டு, அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆலங்குளம் பக்கம் எங்கள் ஊர். அம்மா பீடி சுற்றினாள். அப்பா பம்பாயில் இருந்தார். சில மாதம் பணம் வரும், சில மாதம் கடிதம் மட்டும் வரும். மழையை நம்பிய பூமி, விளைந்தால் உண்டு. ஆகவே வீட்டில் நிச்சயமான வரும்படி என்றால் அம்மாவின் சுளகிலிருந்து, அதாவது பீடி சுற்ற மடியில் வைத்துக்கொள்ளும் முறத்திலிருந்து வந்ததுதான்.

பீடி இலை வடக்கே மத்தியப் பிரதேசம், ஒடிசா காடுகளிலிருந்து வருகிறது. ராத்திரியே நனைத்து ஈரச் சாக்கில் பொதிந்து வைத்தால்தான் காலையில் வெட்ட வாகாக இருக்கும். தகர அளவை இலைமேல் வைத்து, நரம்பு தடிப்பாக வராதபடி பார்த்துக் கத்தரியால் வெட்டுவாள். அப்புறம் மடியில் சுளகு ஏறும். இலையில் ஒரு சிட்டிகைத் தூள், ஒரே உருட்டு, முனையை மடக்கி நூலைச் சுற்றி இழுத்தால் ஒரு பீடி. ஆயிரம் சுற்றினால்தான் அன்றைய கூலி முழுசாக வரும். என்னதான் கை கழுவினாலும் புகையிலைக் காரல் போகாது. சின்ன வயதில் அவள் பிசைந்து ஊட்டிய சோற்றில் லேசாக அந்தக் காரல் இருக்கும். சோற்றின் ருசியே அதுதான் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அம்மா சாமி பேரை முணுமுணுத்துக்கொண்டே சுற்றினாள் என்றெல்லாம் கதை விட மாட்டேன். பக்கத்து வீட்டுச் சண்டையில் ஒரு காதை வைத்துக்கொண்டுதான் சுற்றுவாள். கோயில் என்றால் பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயில், அவ்வளவுதான். அதற்கும் முந்தின ராத்திரி கண்விழித்துக் கணக்கை முடித்துவிட்டுத்தான் கிளம்புவாள்.

சித்தப்பா வருடம் தவறாமல் திருச்செந்தூருக்கு நடப்பவர். பச்சை வேட்டி கட்டிவிட்டால் பேச்சே மாறிவிடும். ஒரு தடவை திண்ணையில் வந்து உட்கார்ந்துகொண்டு, “மதினி, எந்நேரமும் இந்தச் சுளகே கதின்னு கிடந்தா எப்படி? போற வழிக்கு ரெண்டு புண்ணியம் சேக்க வேண்டாமா?” என்றார். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “அதுக்குத்தான் நீங்க நடக்கீகளே. வழிச்செலவுக்கு எவ்வளவு வேணும், அதைச் சொல்லுங்க” என்றாள். வாங்கிக்கொண்டுதான் போனார். நான் பக்தியைக் கிண்டல் செய்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். வெறும் காலோடு அத்தனை தூரம் நடப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை, அவர் பக்தி உண்மையானது. அந்தப் பக்திக்குப் பணம் போட்டவளுக்குப் புண்ணியக் கணக்கில் இடமில்லை என்றதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

பின்னால் என்னோடு வேலை பார்த்த மேலப்பாளையத்துத் தோழி ஒருத்தி, அவள் உம்மாவும் பீடிதான், சொன்னாள்: தர்மம் செய்கிற காசுகளிலேயே குடும்பத்துக்குச் செலவழிக்கிற காசுக்குத்தான் நன்மை அதிகம் என்று நபிமொழியே இருக்கிறதாம். எவ்வளவு நேரடியாகச் சொல்லிவிட்டார்கள் என்று தோன்றியது. நம் பக்கம் இதைச் சொல்லக் கதை இருக்கிறது. பார்வையாலேயே கொக்கை எரித்த கர்வத்தோடு பிச்சைக்கு வந்து நின்ற முனிவரிடம், வீட்டு வேலையை முடித்துவிட்டு வந்த பெண் “கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவா” என்று கேட்டாளே, அதுதான். பாரதத்திலும் வன பர்வத்தில் இதே கதை வருகிறது. அங்கே அந்தப் பெண் முனிவரை மிதிலையில் இறைச்சி விற்கும் தருமவியாதனிடம் அனுப்புகிறாள். அவனோ கடையைக் கவனித்துவிட்டு, வீட்டுக்கு அழைத்துப் போய்த் தன் தாய் தகப்பனைக் காட்டி, இவர்கள்தான் எனக்குத் தெய்வம் என்கிறான். படிப்பும் தவமும் உள்ளவன் பாடம் கேட்க வேண்டிய இடம் கசாப்புக் கடை என்று அந்தக் காலத்திலேயே எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் பரம்பரைத் தொழில், அதனால் செய்கிறேன் என்று தருமவியாதன் சொல்லும் இடம் எனக்கு ஒப்பவில்லை. எங்கள் அம்மா பீடி சுற்றியதே நாங்கள் சுற்றக் கூடாது என்பதற்காக. அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் “பீடி சுத்தத் தெரியுமா?” என்று கேட்டபோது, நன்றாகச் சுற்றத் தெரிந்த பெண்ணை வைத்துக்கொண்டே “தெரியாது” என்றாள். அந்தச் சம்பந்தம் கைநழுவிப் போனதில் அவளுக்கு வருத்தமே இல்லை.

புகையிலையில் என்ன புண்ணியம் என்று அடுத்து ஒருவர் வருவார். பீடி கெடுதல்தான், குடிப்பவருக்கும் சரி, சுற்றுகிறவருக்கும் சரி. அம்மாவின் இருமலை ராத்திரி முழுக்கக் கேட்டு வளர்ந்தவள் நான், எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம். அந்த ஊரில், அந்தப் பொழுதில், பிள்ளைகளை விட்டுவிட்டு வெளியூர் போகாமல் ஒரு பெண்ணுக்குக் கிடைத்த வேலை அதுதான். 1976ஆம் வருடச் சட்டத்தில் பீடித் தொழிலாளருக்கு ஒரு நல நிதி உண்டாக்கினார்கள், அதில் வந்த உதவித்தொகையில்தான் நான் படித்தேன்.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும். அம்மா பீடி போட்ட கடையில் “உழைப்பே தெய்வம்” என்று சுவரில் எழுதி வைத்திருந்தார்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று நிறுத்துக் கொடுக்கும் இலை ஒருநாளும் ஆயிரத்துக்குக் காணாது. பாதி ஓட்டை, பாதி சருகு. மீதிக்கு நாம்தான் வெளியே காசு கொடுத்து இலை வாங்க வேண்டும். கொண்டு போனால் தூள் குறைச்சல், கட்டு சரியில்லை என்று ஒரு பங்கைக் கழித்துவிடுவார்கள். கழித்த பீடியைத் திருப்பியும் தர மாட்டார்கள். கடைசியில் பி.எஃப். பென்ஷனுக்கு எழுதிப்போட்டால் அட்டையில் ஒரு இனிஷியல், ஆதாரில் ஒரு இனிஷியல் என்று அலைய விட்டார்கள். அத்தனை அலைச்சலுக்கும் கிடைத்தது மாதம் 1,000 ரூபாய்ச் சொச்சம். முதலாளி வாயால் உழைப்பு தெய்வம் என்று கேட்டால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. உங்கள் அலுவலகத்தில் யாராவது அப்படிப் பேசினால் முதலில் ஓவர்டைம் பணம் சரியாக வருகிறதா என்று பாருங்கள்.

சரி, உங்கள் விஷயம். ஆகும் என்றுதான் சொல்வேன், யாரிடமும் நற்சான்று வாங்க வேண்டியதில்லை. ஆனால் இரவு ஒன்பது மணி வரை அங்கே இருப்பது வீட்டுத் தேவைக்காகவா, வீட்டுக்குப் போகப் பிடிக்காமலா என்பது உங்களுக்குத்தான் தெரியும். எங்கள் அம்மா வேலை பார்த்த நேரமெல்லாம் எங்கள் கண்முன்னே இருந்தாள். உங்கள் பிள்ளைகளுக்கு அது வாய்க்கவில்லை என்பதால் கேட்கிறேன், குத்திக்காட்டவில்லை.