எட்டு இலக்கத்தில் ஒரு செவ்விய எண்

கேள்வி: உயர்நிலை இரண்டில் பயிலும் என் மகள், 33550336 ஒரு செவ்விய எண் என்று படித்துவிட்டு, கால்குலேட்டர் இல்லாமல் அதைச் சரிபார்க்க முடியுமா என்று கேட்கிறாள். 6, 28, 496, 8128 ஆகியவற்றுக்கு அடுத்தது இது என்பதால், செவ்விய எண்கள் 6, 8 என மாறி மாறித்தான் முடியுமா என்ற ஐயமும் அவளுக்கு இருக்கிறது. – வாசகி, ஈசூன், சிங்கப்பூர்

பதில்: முடியும்; அரைப்பக்கத் தாள் போதும். தன்னைத் தவிர்த்த மற்றக் காரணிகளின் கூட்டுத்தொகை தனக்கே சமமாக இருந்தால் அந்த எண் செவ்வியது. 1, 2, 4, 7, 14 ஆகியவற்றைக் கூட்டினால் 28 வருவது இதற்கு எடுத்துக்காட்டு. கூட்டுத்தொகை குறைந்தால் குறை எண், மிஞ்சினால் மிகை எண்.

நம் தொலைபேசி எண்ணைப் போல எட்டு இலக்கம் கொண்ட இந்த எண்ணை மகள் 2-ஆல் வகுத்துக்கொண்டே போகட்டும். பன்னிரண்டு முறை வகுத்தபின் 8191 என்ற ஒற்றைப்படை எண் எஞ்சும். அதாவது, நம் எண் 4096 × 8191. இனி 8191 பகா எண்தானா என்று பார்க்க வேண்டும். அதன் வர்க்கமூலம் 91-க்கும் குறைவு என்பதால், அதுவரையுள்ள 24 பகா எண்களால் வகுத்துப் பார்ப்பது வழக்கமான முறை. ஆனால் 8191 என்பது 2-இன் 13ஆம் அடுக்கிலிருந்து 1 குறைந்தது. அத்தகைய எண்ணின் பகாக் காரணி எதுவாயினும் அதை 26-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தே தீரும். அந்த 24-இல் இதற்குப் பொருந்துபவை 53, 79 இரண்டு மட்டுமே. முதலாவதால் வகுத்தால் மீதி 29, இரண்டாவதால் வகுத்தால் 54. ஆகவே 8191 பகா எண்ணே. இரண்டே வகுத்தலில் முடிந்துவிடும் இந்த இடம் எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது.

இனி காரணிகள். 1, 2, 4 என்று 4096 வரை இரட்டித்துச் செல்லும் பதின்மூன்றின் கூட்டுத்தொகை 8191. மீதமுள்ள பன்னிரண்டும் 8191-ஐ 1 முதல் 2048 வரை அதே வரிசையால் பெருக்கக் கிடைப்பவை. அவற்றின் கூட்டுத்தொகை 8191 × 4095. இரண்டையும் சேர்த்தால் 8191 × 4096, அதாவது நாம் தொடங்கிய எண்ணே. இந்த வழியை யூக்ளிட் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நிறுவினார். இரட்டைப்படைச் செவ்விய எண்கள் அனைத்தும் இவ்வடிவில்தான் அமையும் என்பதைப் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆய்லர் மெய்ப்பித்தார்.

இதே எண் முக்கோண எண்ணும் ஆகும்: 1 முதல் 8191 வரை கூட்டினாலும் இதுவே வரும். 1 முதல் 127 வரையுள்ள ஒற்றைப்படை எண்களின் கனங்களைக் கூட்டினாலும் இதுவே.

மகளின் இரண்டாம் ஐயம் நிக்கோமாக்கஸ் என்ற கிரேக்க அறிஞரே நம்பிய ஒன்று. முதல் நான்கை மட்டும் கண்ட அவர், இலக்கங்கள் ஒவ்வொன்றாகக் கூடும் என்றும், கடைசி இலக்கம் 6, 8 என மாறி மாறி வரும் என்றும் எழுதினார். ஐந்தாவது எண் ஐந்து இலக்கத்தில் நில்லாமல் எட்டுக்குத் தாவியதால் முதல் கூற்று பொய்த்தது. ஆறாவது எண் 8589869056. அதுவும் 6-இல் முடிவதால் இரண்டாவதும் பொய்த்தது.